கோடீஸ்வரனின் கேள்வியும் சம்பந்தனின் மனுவும்: இலங்கை உயர் நீதிமன்றத்திடம் எதைக் கேட்க முடிகிறது?

திருமலைவாசி எழுதியது:

2018ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் திகதி மாலை, கொழும்பு புதுக்கடையில் உள்ள உயர் நீதிமன்றத்தின் 7 நீதியரசர்கள் ஒருமனதாக வழங்கிய தீர்ப்பைத் திருகோணமலையில் எங்கள் வீட்டு வானொலிக்கு அருகில் அமர்ந்து கேட்டேன். பாராளுமன்றம் முதன்முதல் கூடிய நாளிலிருந்து நாலரை ஆண்டுகள் கழியுமுன், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டாலன்றி அதைக் கலைக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் இல்லை என்றும், நவம்பர் 9ஆம் திகதி இரவு அதைக் கலைத்து அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன வெளியிட்ட வர்த்தமானி செல்லாது என்றும் நீதிமன்றம் அறிவித்தது. அடுத்த ஜனவரி 5ஆம் திகதிக்குக் குறிக்கப்பட்டிருந்த தேர்தல் அத்துடன் நின்றது. அந்த வழக்கு சட்ட ஏடுகளில் அன்று எங்கள் ஊர்ப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த இரா. சம்பந்தனின் பெயரில்தான் இருக்கிறது. சிறுபான்மை மக்களின் தலைவர் ஒருவர் முழு நாட்டின் பாராளுமன்றத்தையும் காப்பதற்காக மனுக் கொடுத்து வென்றார் என்பது எனக்குப் பெருமை தந்த செய்தி. இன்றும் அந்தப் பெருமை குறையவில்லை.

அன்றிரவு நித்திரை வராமல் நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறொரு வழக்கை. கேகாலைக் கச்சேரியில் (மாவட்ட அரச அலுவலகத்தில்) எழுதுவினைஞராக இருந்த கோடீஸ்வரன், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையவில்லை என்பதற்காக 1962இல் அவருக்குரிய ஆண்டுச் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம், அன்றைய சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையினருக்கு அளித்திருந்த காப்பை மீறுகிறது என்று அவர் வழக்கிட்டார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் சொன்னது சரி என்றது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் ஒருவர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்காட முடியாது என்று கூறித் தீர்ப்பை மாற்றியது. மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற கேள்வியை அது தொடவே இல்லை. 1969 டிசம்பரில், அன்று எங்கள் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவிக் கவுன்சில் (எங்கள் பழைய பாடநூல்களில் கோமறைக் கழகம்) ஊழியருக்கு வழக்காடும் உரிமை உண்டு என்று தீர்த்து, அரசியலமைப்புக் கேள்விக்கு உயர் நீதிமன்றமே விடை கூறட்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. அந்த விடை வரவில்லை. 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்குச் செல்லும் வழி அடைக்கப்பட்டது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தபோது 29ஆம் பிரிவே இல்லாமற் போனது.

என் கேள்வி இதுதான். நிறைவேற்றுத்துறையின் பிழையைத் துணிவுடன் திருத்துகிற நீதிமன்றம், பாராளுமன்றம் சட்டமாக எழுதிய பிழையின் முன் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது. 1978 அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரையின் 3ஆம் பந்தி, சான்றுரை இடப்பட்டுச் சட்டமாகிவிட்ட எதனையும் எந்த நீதிமன்றமும் எக்காரணம் கொண்டும் கேள்விக்குட்படுத்தலாகாது என்கிறது. இப்படிப்பட்ட நாட்டில் அதியுயர்ந்த நீதிமன்றத்துக்குப் பொதுவாழ்வில் உள்ள இடம் என்ன? கோடீஸ்வரன் இன்று புதுக்கடைக்குச் சென்றால் அவரது மனு வாசலிலேயே திருப்பப்படும் அல்லவா?

வைகைக்கரை எழுதியது:

ஐயா, மதுரையிலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் உயர் நீதிமன்றம் என்றால் சென்னையிலும் இங்கே மதுரைக் கிளையிலும் இருப்பது. அதற்கும் மேலே டில்லியில் இருப்பது உச்ச நீதிமன்றம். உங்கள் பதிவை முதலில் அந்தப் பொருளில் படித்துக் குழம்பினேன். நீங்கள் உயர் நீதிமன்றம் என்று குறிப்பிடுவது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தைத்தான் என்று புரிந்துகொள்கிறேன்.

நிறைவேறிய சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக்கூடாது என்ற விதி எனக்கு மிகவும் விசித்திரமாக இருக்கிறது. இந்தியாவில் ஒரு சட்டம் எத்தனை ஆண்டுகள் பழையதானாலும் அது அடிப்படை உரிமையை மீறுகிறது என்று வழக்குப் போடலாம். 1973இல் வந்த கேசவானந்த பாரதி தீர்ப்புக்குப் பிறகு, அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கும் திருத்தத்தைக்கூட நீதிமன்றம் செல்லாது என்று அறிவிக்கலாம். சரி, சட்டம் நிறைவேறுவதற்கு முன்னாலாவது உங்கள் நீதிமன்றத்தால் அதைப் பார்க்க முடியுமா?

புதுக்கடை எழுதியது:

நான் கொழும்பில் தொழில் புரியும் சட்டத்தரணி. மதுரை நண்பரின் குழப்பம் நியாயமானது. எங்கள் நாட்டில் மேல் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம், அவற்றுக்கு மேல் உயர் நீதிமன்றம் என்பதே வரிசை. 1801ஆம் ஆண்டின் நீதிச் சாசனத்தால் நிறுவப்பட்டது என்பதால், தொடர்ந்து இயங்கும் நிறுவனங்களுள் இந்நாட்டில் மிகப் பழையவற்றில் ஒன்றும் அதுவே.

நிறைவேறுவதற்கு முன் பார்க்க முடியுமா என்றால், முடியும். சட்டமூலம் பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்ற பின், எந்தக் குடிமகனும் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். 1978இல் எழுதப்பட்டபடி அதற்குத் தரப்பட்ட அவகாசம் ஒரு கிழமை. நீதிமன்றம் மூன்று கிழமைக்குள் தன் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். முரண் இருப்பதாக நீதிமன்றம் கண்டால், அந்தச் சட்டமூலம் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையுடன் நிறைவேற வேண்டும் என்றோ, சில உறுப்புரைகளைத் தொட்டால் சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும் என்றோ கூறும். இந்த அமைப்பின் உட்பொருளைக் கவனியுங்கள். போதிய கைகள் உயர்ந்தால், அரசியலமைப்புக்கு முரணான சட்டமும் சட்டமாகலாம்.

1979இல் நடந்ததைச் சொல்கிறேன். பயங்கரவாதத் தடைச் சட்டமூலத்தை அமைச்சரவை அவசரச் சட்டமூலம் என்று சான்றுப்படுத்தியது; மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையுடனேயே நிறைவேற்றப் போவதாகவும் தெரிவித்தது. அப்படித் தெரிவித்துவிட்டால் நீதிமன்றத்துக்கு எஞ்சுவது ஒரே கேள்விதான்: சர்வஜன வாக்கெடுப்பு வேண்டுமா, வேண்டாமா? பொதுமக்கள் படித்துப் பார்த்து மனுச் செய்ய வழியே இருக்கவில்லை. பெயரிலேயே தற்காலிக ஏற்பாடுகள் என்ற சொல்லைக் கொண்ட அந்தச் சட்டம், மூன்று ஆண்டுகளுக்கென்று வந்து 1982இல் நிலையாக்கப்பட்டது. அதன் கீழ் எத்தனை ஆயிரம் இளைஞர்கள் மறியலில் (சிறையில்) ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள் என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தச் சட்டம் செல்லுமா என்று எந்த நீதிபதியிடமும் இன்றுவரை கேட்க முடியவில்லை.

அதே வேளை, முன்கூட்டிய இந்தப் பரிசீலனை வெறும் சடங்கும் அல்ல. 2012இல் திவிநெகும சட்டமூலம் வந்தபோது, அது மாகாண சபைகளின் விடயத்தைத் தொடுவதால் ஒவ்வொரு மாகாண சபையின் கருத்தும் பெறப்பட வேண்டும் என்றது நீதிமன்றம். வட மாகாணத்துக்கு அப்போது தெரிவுசெய்யப்பட்ட சபையே இல்லை. அந்தச் சபையின் இடத்தில் நின்று ஆளுநர் இணக்கம் தெரிவிக்க முடியாது என்றும் தீர்மானித்தது. அதற்கு அரசு கொடுத்த பதில், அன்றைய பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவைப் பதவி நீக்குவதற்கான குற்றப் பிரேரணை. அதை விசாரித்த பாராளுமன்றத் தெரிவுக்குழுவுக்கு நீதிபதி ஒருவரைக் குற்றவாளியாகக் காணும் அதிகாரம் இல்லை என்று உயர் நீதிமன்றம் கூறியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் தெரிவுக்குழு அறிக்கையை இரத்துச் செய்தது. இருந்தும் 2013 ஜனவரி 11இல் பாராளுமன்றம் வாக்களித்தது, இரண்டு நாட்களில் அவர் நீக்கப்பட்டார். சட்டத்தரணிகள் கறுப்புக் கோட்டுடன் தெருவில் நின்ற அந்த நாட்களில் நானும் நின்றேன். நீதிமன்றத்தின் எழுத்துக்கு எவ்வளவு பெறுமதி என்பது அதை மதிக்க வேண்டியவர்களின் கையில் இருக்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

கொழுந்து எழுதியது:

நான் ஹற்றன் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள். திருமலைவாசி ஐயாவின் ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆயினும் அவர் தொடங்கிய இடத்துக்கு ஒரு படி முன்னே செல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நீதிமன்றத்துக்குச் சட்டத்தைச் செல்லாதென்று கூறும் அதிகாரம் இருந்த காலத்திலேயே எங்கள் மக்களின் வழக்கு தோற்றது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கும்படி இந்திய வம்சாவளித் தமிழர் ஒருவர் விண்ணப்பித்தார். அது நடந்ததும் கோடீஸ்வரன் வேலை பார்த்த அதே கேகாலை மாவட்டத்தில், றுவான்வெல்லைத் தொகுதியில்தான். இடாப்பைத் திருத்தும் பொறுப்பில் இருந்த அதிகாரி, குடியுரிமைச் சட்டம் 29ஆம் பிரிவை மீறுகிறது என்று அவர் பக்கம் தீர்த்தார். 1951இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1953இல் பிரிவிக் கவுன்சிலும், தன் குடிகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டுக்கு இயல்பான உரிமை என்ற போக்கில் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. கதவு திறந்துதான் இருந்தது, ஐயா. உள்ளே போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

எங்களில் எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது 2003இல், பாராளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டத்தால். அதற்குப் பின்னால் தொழிற்சங்கங்களின் நீண்ட பேரமும் வாக்குப் பலமும் இருந்தன. ஆகவே 80ஆம் உறுப்புரையின் 3ஆம் பந்தியை நீக்கிவிட்டால் நீதி தானாக வரும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

வலிகாமம் எழுதியது:

கொழுந்து அக்காவின் பதிவைப் படித்தபின் இதை எழுதத் தயங்கினேன். எங்கள் பகுதியில் அந்த நீதிமன்றம் செய்த ஒரு நன்மையை யாராவது பதிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

சுன்னாகம் அனல் மின் நிலையத்திலிருந்து கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தது. கிணற்றில் வாளியை விட்டால் மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கும். சுண்ணாம்புக் கல் நிலம் என்பதால் ஓரிடத்தில் ஊறியது ஊர் முழுக்கப் பரவும் என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. தெற்கைச் சேர்ந்த சுற்றாடல் ஆர்வலர் ஒருவர் 2015இல் எங்களுக்காக அடிப்படை உரிமை மீறல் மனுச் செய்தார். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியைப் பின்பற்றி 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. 2000ஆம் ஆண்டில் எப்பாவலப் பொஸ்பேற்று வழக்கில் அனுராதபுர விவசாயிகள் உள்ளிட்ட ஏழு பேர் தமது நிலத்துக்காக வென்றெடுத்த கோட்பாடு, அதாவது இயற்கை வளத்தை அரசு மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறதே தவிர அதற்குச் சொந்தக்காரன் அல்ல என்பது, 19 ஆண்டுகளின் பின் வலிகாமத்துக் கிணறுகளுக்கும் பொருந்தியது. சிங்களக் கமக்காரர் தொடங்கிய வழக்கின் பயனை நாங்கள் பெற்றோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். தீர்ப்பு ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் தெருவில் அதை வாசித்து விளங்கிக்கொண்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மனுச் செய்வதற்கோ 400 கிலோமீற்றர் பயணம் செய்து, கொழும்பில் சட்டத்தரணி ஒருவரைப் பிடிக்க வேண்டும்.

திருமலைவாசி எழுதியது:

தங்கச்சி கொழுந்து சொல்வதை ஏற்கிறேன். நான் கதவைப் பற்றி மட்டும் பேசினேன். கதவுக்கு உள்ளே அமர்ந்திருப்பவர்கள் எதைக் கேட்க விரும்புகிறார்கள் என்பதும் அதே அளவு முக்கியமானது. அதற்கு 2006ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம்.

அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்கிறது 126ஆம் உறுப்புரை. பொலிஸ் நிலையத்தில் அடி வாங்கிய ஒரு கூலித் தொழிலாளி முப்பத்தைந்தாம் நாள் வந்தால், காலம் கடந்துவிட்டது என்ற ஆட்சேபனையை அவர் எதிர்கொள்ள வேண்டும். வடக்கும் கிழக்கும் 1988இல் இணைக்கப்பட்டன. அந்த இணைப்பை எதிர்த்து அடிப்படை உரிமை மீறல் மனு வந்தது 2006இல். பதினெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தும் மனு ஏற்கப்பட்டது; சில மாதங்களுக்குள் விசாரிக்கப்பட்டது; அக்டோபர் 16ஆம் திகதி பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையில் ஐந்து நீதியரசர்கள், அவசரகால ஒழுங்குவிதியால் மாகாண சபைச் சட்டத்தின் நிபந்தனையை மாற்றியது செல்லாது என்று கூறி இணைப்பை இல்லாமலாக்கினார்கள். சட்ட நுணுக்கத்தில் அவர்கள் கூறியது சரியாகவே இருக்கலாம். பாராளுமன்றம் விரும்பியிருந்தால் அந்தக் குறையைச் சரிசெய்திருக்கலாம் என்பதும் உண்மை. காலம் என்ற அளவுகோல் ஒருவருக்கு ஒரு மாதமாகவும் இன்னொருவருக்குப் பதினெட்டு ஆண்டாகவும் நீண்டதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் சிங்கராசா வழக்கு முடிந்திருந்தது. தனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் தட்டச்சிடப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் வைத்து, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 50 ஆண்டுச் சிறை பெற்று, மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்த ஒருவருடைய வழக்கு அது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று 2004இல் கண்டது. அதை வைத்துத் தீர்ப்பை மீளாய்வு செய்யும்படி கேட்டபோது, அந்தக் குழுவுக்கு முறையிட வழி செய்த நெறிமுறையில் 1997இல் இலங்கை இணைந்ததே அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று உயர் நீதிமன்றம் கூறிவிட்டது.

புதுக்கடை எழுதியது:

ஐயா குறிப்பிட்ட இரண்டு தீர்ப்புகளையும் நான் தாங்கிப் பேசப் போவதில்லை. சிங்கராசா தீர்ப்பு எங்கள் சட்ட வரலாற்றில் ஒரு தழும்பு என்றே கருதுகிறேன். ஆனால் அந்த இரண்டிலிருந்து, தமிழர் விடயம் என்றால் நீதிமன்றம் எப்போதும் இப்படித்தான் என்ற முடிவுக்கு வாசகர்கள் போய்விடக்கூடாது.

1987இல் பதின்மூன்றாம் திருத்தச் சட்டமூலம் 9 நீதியரசர்கள் முன் வந்தது. மாகாண சபைகள் ஒற்றையாட்சியைக் குலைக்கின்றன, ஆகவே சர்வஜன வாக்கெடுப்பு வேண்டும் என்று நால்வர் கருதினார்கள். அன்று பிரதம நீதியரசராக இருந்தவர் சர்வானந்தா. அவர் உள்ளிட்ட ஐவர் மறுபக்கம் நின்றதால்தான் மாகாண சபைகள் உருவாயின. ஒரே ஒருவர் மாறியிருந்தால் இன்று வடக்கிலும் கிழக்கிலும் அந்த அரைகுறை அதிகாரமும் இருந்திராது.

2017 ஆகஸ்ட் 4ஆம் திகதித் தீர்ப்பை நான் இன்னும் உயர்வாக வைப்பேன். ஆறாம் திருத்தம் 1983 முதல் பிரிவினை கோருவதைத் தடைசெய்கிறது. இலங்கைத் தமிழரசுக் கட்சியின் நோக்கம் தனிநாடு, ஆகவே அதைத் தடை செய்ய வேண்டும் என்று ஒருவர் வழக்கிட்டார். அந்த வாதத்தின் ஆணிவேர் ஒரு தமிழ்ச் சொல். கட்சி தன் யாப்பில் சமஷ்டி என்று இருந்ததை இணைப்பாட்சி என்று மாற்றியிருந்தது. அந்த மாற்றம் கூட்டாட்சியை விட்டுத் தனி அரசுகளின் கூட்டை நாடுவதாகும் என்பது வழக்காளியின் வாதம். சமஷ்டி வடமொழி வழிவந்த சொல், இணைப்பாட்சி தமிழ்ச் சொல், இரண்டும் ஒரே பொருளில்தான் ஆளப்படுகின்றன என்பது கட்சியின் பதில். பிரதம நீதியரசர் பிரியசாத் டெப் எழுதிய தீர்ப்பு அதை ஏற்றது. கனடாவின் கியூபெக் பற்றிய தீர்ப்பை எடுத்துக்காட்டி, ஒரு நாட்டுக்குள்ளேயே சுயநிர்ணயத்தையும் கூட்டாட்சியையும் கோருவது பிரிவினை கோருவதாகாது என்றும் கூறியது. 1949 முதல் ஒரு கட்சி கேட்டுவந்ததைக் கேட்பது குற்றமல்ல என்று இந்த நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொல்ல 68 ஆண்டுகள் ஆயின என்பது எனக்கு வேதனைதான். சொல்லிவிட்டது என்பதும் சிறிய விடயமல்ல. நாளைக்கு யாரேனும் மேடையில் சமஷ்டி என்ற சொல்லைத் துரோகம் என்று வர்ணித்தால், அவருக்கு முன் வைப்பதற்கு எங்களிடம் ஒரு தீர்ப்பு இருக்கிறது.

கல்லடிப்பாலம் எழுதியது:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று, சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த ஓசையை எங்கள் தெருவில் கேட்டோம். அங்கு இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள்.

2023 ஜனவரி 12ஆம் திகதி, முன்கூட்டியே தகவல் கிடைத்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி சிறிசேன 10 கோடி ரூபாவும், அப்போதைய பொலிஸ் மா அதிபர், புலனாய்வுத் தலைவர், பாதுகாப்புச் செயலாளர் முதலானோர் வெவ்வேறு தொகைகளும் தமது சொந்தப் பணத்திலிருந்து செலுத்த வேண்டும் என்று 7 நீதியரசர்கள் உத்தரவிட்டார்கள். திருமலைவாசி ஐயா தொடங்கிய 2018 வழக்கின் எதிர்ப்பக்கத்தில் இருந்த அதே ஜனாதிபதி. அவர் பணத்தைத் தவணைகளாகச் செலுத்தினார். பணம் பிள்ளைகளைத் திருப்பித் தராது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நாட்டின் தலைவராக இருந்த ஒருவர் தன் கடமை தவறியதற்குத் தன் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்த காட்சியை எங்கள் ஊர்த் தாய்மார் பார்த்தார்கள், அதற்கு ஒரு கனம் இருந்தது.

அதே ஆண்டு நவம்பர் 14ஆம் திகதித் தீர்ப்பில் எனக்குக் குறை உண்டு. 2022இல் நாடு வங்குரோத்தானதற்குக் கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்சக்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உள்ளிட்ட அதிகாரிகளும் பொறுப்பு, அவர்கள் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று நால்வருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மை கண்டது. இழப்பீடு எதுவும் இல்லை. மனுதாரருக்கு ஒன்றரை இலட்சம் ரூபா வழக்குச் செலவு மட்டும். பாண் வாங்கவும் மண்ணெண்ணெய் வாங்கவும் வரிசையில் நின்று சோர்ந்துபோன சனத்துக்கு, அவர்கள் பிழை செய்தார்கள் என்ற அறிவிப்பு மாத்திரம் போதுமா?

இன்னொன்று. மிருசுவிலில் 2000ஆம் ஆண்டு 8 தமிழர்களைக் கொன்ற சிப்பாயின் மரண தண்டனையை 2019இல் இதே உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் அன்றைய ஜனாதிபதி அவருக்குப் பொதுமன்னிப்பு அளித்தார். அதை எதிர்த்து மனுக்கள் தாக்கலாயின. 2021இல் அதே ஜனாதிபதி, கொலைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு அளித்த மன்னிப்பை 2024 ஜனவரியில் நீதிமன்றம் செல்லாது என்றது. அது வரவேற்க வேண்டிய தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு வந்த நாளில், துமிந்தவின் மன்னிப்புக்கு ஓராண்டுக்கு மேல் முந்திய மிருசுவில் மன்னிப்பைப் பற்றிய முடிவு வந்திருக்கவில்லை. இறந்தவர்களில் 5 வயதுக் குழந்தையும் ஒன்று.

வைகைக்கரை எழுதியது:

படிக்கப் படிக்க மனம் கனக்கிறது. வழக்கறிஞர் ஐயாவிடம் ஒரு நடைமுறைக் கேள்வி. ஒரு மாத எல்லைக்குள் முல்லைத்தீவிலோ ஹற்றனிலோ இருக்கும் ஏழை ஒருவர் உண்மையில் என்னதான் செய்ய முடியும்?

புதுக்கடை எழுதியது:

மிகவும் பயனுள்ள கேள்வி. வாசிப்பவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது வழி மனித உரிமைகள் ஆணைக்குழு. மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் அங்கே முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அந்த முறைப்பாடு விசாரணையில் இருக்கும் காலம் உயர் நீதிமன்றத்துக்கான ஒரு மாதக் கணக்கில் சேராது. யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன, தமிழில் முறையிடலாம். முறைப்பாட்டுப் பிரதியையும் திகதியிட்ட பற்றுச்சீட்டையும் தவறாமல் பெற்று வைத்திருங்கள். இவ்வாறு முறையிட்டிருந்தும் பத்திரம் கையில் இல்லாததால் காலம் கடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முறையிட்டால் மட்டும் போதும், விசாரணை உண்மையில் நடக்கிறதா என்று பார்க்கத் தேவையில்லை என்று நினைத்துவிடவும் வேண்டாம். நீதிமன்றம் அதையும் கேட்பதுண்டு.

இரண்டாவது, மறியலில் இருப்பவர் அல்லது வசதியற்றவர் நீதிமன்றத்துக்கு எழுதும் கடிதத்தையே மனுவாக ஏற்றுக்கொள்ள உயர் நீதிமன்ற விதிகளில் இடம் இருக்கிறது.

மனு வந்தபின் இரண்டு மாதத்துக்குள் தீர்த்து முடிக்க வேண்டும் என்று அதே 126ஆம் உறுப்புரை கூறுகிறது. அது வழிகாட்டும் விதி, கட்டாய விதி அல்ல என்று நீதிமன்றம் வியாக்கியானம் செய்துகொண்டது. குடிமகனுக்குரிய ஒரு மாதத்தை இறுக்கமாகவும் நீதிமன்றத்துக்குரிய இரண்டு மாதத்தைத் தளர்வாகவும் வாசிப்பதை, இந்தத் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்த பின்னும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. 2020இல் நீதியரசர்களின் எண்ணிக்கை 11இலிருந்து 17ஆக உயர்த்தப்பட்டது. அதன் பிறகாவது தாமதத்துக்கு ஆள் பற்றாக்குறை ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது.

கொழுந்து எழுதியது:

ஆணைக்குழு வழியைப் பற்றிய விளக்கத்துக்கு நன்றி, ஐயா. அதைப் பிரதி எடுத்து எங்கள் தோட்டத்து வாசிகசாலைப் பலகையில் ஒட்டப் போகிறேன். ஒரு மாதம் என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடிக்கோடிடுவேன்.

திருமலைவாசி எழுதியது:

நான் தொடங்கியபோது 80ஆம் உறுப்புரையின் 3ஆம் பந்தி ஒன்றையே குற்றவாளியாகக் கண்டேன். அது நீங்க வேண்டும் என்பதில் இப்போதும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை: ஒரு சட்டத்தின் தீமை அது நிறைவேறும் கிழமையில் தெரிவதில்லை, அது ஒருவருடைய சம்பளத்திலோ உடலிலோ படும்போதுதான் தெரிகிறது. கோடீஸ்வரனுக்கு அது தெரிந்தது சட்டம் வந்து ஆறு ஆண்டுகளின் பின். அதோடு, கொழுந்து காட்டிய 1951ஐயும் வலிகாமம் காட்டிய 2019ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின், உயர் நீதிமன்றம் ஆண்டில் சில கிழமைகளாவது கொழும்புக்கு வெளியே அமர வேண்டும், பொதுமக்களைத் தொடும் தீர்ப்புகள் அறிவிக்கப்படும் அன்றே மூன்று மொழிகளிலும் வர வேண்டும் என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்கிறேன்.

மொழிபெயர்ப்பு வரும்வரை காத்திருக்காமல், 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பில் சமஷ்டி, இணைப்பாட்சி பற்றிய பகுதியைத் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஓய்வுபெற்ற குடியியல் ஆசிரியனுக்குச் சட்ட ஆங்கிலம் இலகுவாக இல்லை. ஒரு பந்திக்கு ஒரு மாலைப் பொழுது செல்கிறது. முதல் நான்கு பந்திகளை ஞாயிற்றுக்கிழமை இங்கே இடுகிறேன். சட்டச் சொற்களில் பிழை இருந்தால் புதுக்கடை அவர்கள் திருத்தித் தர வேண்டும்.